எங்க வீட்டுல வேலையின்மை 50 சதவீதம்

(ஒலிப்பதிவில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டேன். எண்களை மட்டும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.)

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார். "இந்தியாவுல ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலையின்மை விகிதம் ஒண்ணுதானாமே? அப்புறம் எதுக்குங்க பெண்கள் வேலைவாய்ப்புன்னு தனியா ஒரு பேச்சு?"

அவர் சொன்ன எண் சரிதான். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நடத்துற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, அதாவது பி.எல்.எஃப்.எஸ், 2023-24 அறிக்கையில 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு வேலையின்மை விகிதம் ஆண்கள் 3.2, பெண்கள் 3.2. புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற எண் வரைக்கும் சமம்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். எங்க வேலையில ரெண்டு வேற வேற சிஸ்டத்துல இருந்து அச்சு அசலா ஒரே எண் வந்தா சந்தோஷப்பட மாட்டோம். எங்கயோ பக் இருக்குன்னுதான் முதல்ல சந்தேகம் வரும். இந்த எண்ணுலயும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்துச்சு. தோண்டிப் பார்த்தேன். கணக்குல பக் இல்லை. பக் இருந்த இடங்கள்ல ஒண்ணு எங்க வீடு. இன்னும் சரியா சொல்லணும்னா, நான். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

பகுதியில் யார் இருக்காங்க?

முதல்ல சூத்திரம். வேலையின்மை விகிதம்னா நாட்டுல இருக்கிற நூறு பேர்ல எத்தனை பேருக்கு வேலை இல்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது அப்படி இல்லை. வேலை செய்றவங்க, வேலை இல்லாம வேலைக்குத் தயாரா இருக்கிறவங்க, இந்த ரெண்டு கூட்டத்தையும் சேர்த்தா வர்றது தொழிலாளர் படை. அந்தப் படையில வேலை இல்லாதவங்க எத்தனை சதவீதம்ங்கிறதுதான் வேலையின்மை விகிதம். பள்ளிக்கூடத்துல பின்னம் படிச்சிருப்போமே, மேல தொகுதி, கீழ பகுதி. எல்லாரும் தொகுதியைப் பார்த்துச் சண்டை போடுவாங்க. விஷயம் பகுதியில இருக்கு.

அதே 2023-24 அறிக்கையில தொழிலாளர் படைக்குள்ள இருக்கிற ஆண்கள் 78.8 சதவீதம். பெண்கள் 41.7 சதவீதம். நூறு ஆண்களை ஒரு மைதானத்துல நிறுத்துனா 79 பேர் ஆட்டத்துல இருக்காங்க. நூறு பெண்களை நிறுத்துனா 42 பேர்தான். மீதி 58 பேர் வேலை இல்லாதவங்க கணக்கிலயும் இல்லை, வேலை செய்றவங்க கணக்கிலயும் இல்லை. பின்னத்துக்கு வெளியவே நிக்கிறாங்க.

ஆக, அந்த ரெண்டு 3.2-ம் ஒரே எண்தான், ஆனா வேற வேற மைதானத்துல எடுத்த எண்.

இன்னொரு விஷயம். அந்தப் பெண்கள் 3.2-ஐ நகரம், கிராமம்னு பிரிச்சா சமம் உடனே கலைஞ்சுடுது. நகரத்துல ஆண்கள் 4.4, பெண்கள் 7.1. கிராமத்துல ஆண்கள் 2.7, பெண்கள் 2.1. நகரத்துப் பெண்ணுக்கு வேலையின்மை ரொம்ப அதிகம், கிராமத்துப் பெண்ணுக்கு ஆணை விடக் குறைவு. ரெண்டையும் கலந்தா 3.2. சாம்பார்ல உப்பு அதிகம், ரசத்துல உப்பு இல்லை, ரெண்டையும் சேர்த்து ஊத்திச் சரியா இருக்குன்னு சொல்ற மாதிரி.

டேப்லெட்டோட வந்த அக்கா

2022 பொங்கல் முடிஞ்ச சமயம். நான் வீட்டுல இருந்து வேலை பார்த்துட்டு இருந்தேன், கோவில்பட்டியில. வாசல்ல ஒரு அக்கா கையில டேப்லெட்டோட நின்னாங்க. கழுத்துல அடையாள அட்டை. மத்திய அரசு கணக்கெடுப்பு, உங்க வீடு தேர்வாகியிருக்குன்னாங்க. அப்பா கடையில, அம்மாவும் அங்கதான். அக்கா உள்ள பாப்பாவைத் தூங்க வெச்சிட்டு இருந்தா. மச்சான் வளைகுடாவுல வேலை, அதனால அக்காவும் பாப்பாவும் எங்க கூடத்தான். சரி, நானே எல்லாருக்கும் பதில் சொல்லிடறேன்னு உக்காந்துட்டேன்.

அப்பா? மளிகைக் கடை. சொந்தக் கடை. நான்? மாசச் சம்பளம். அம்மா?

"அம்மா வீட்டுலதான் இருக்காங்க."

"கடையில ஏதும் கூடமாட வேலை பார்ப்பாங்களா தம்பி?"

"அப்பப்ப போவாங்க. மத்தபடி வீட்டு வேலைதான்."

"அக்கா?"

"அவளும் வீட்டுலதான். குழந்தையைப் பார்த்துக்கிறா."

பத்து, இருபது நிமிஷத்துல முடிஞ்சது. டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டு அடுத்த வீட்டுக்குப் போனாங்க. நான் மீட்டிங்குக்குப் போயிட்டேன்.

இப்போ நான் என்ன சொன்னேன்னு பாருங்க. எங்க அம்மா தினமும் மத்தியானம் ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் கடையில தனியா உக்காருவாங்க, அப்பா சாப்பிட்டுத் தூங்குற நேரம். ராத்திரி துவரம்பருப்பு, கடலைப்பருப்பு எல்லாம் கால் கிலோ, அரை கிலோன்னு பொட்டலம் போடுறது அம்மா. யார் எவ்வளவு கடன்ங்கிற நோட்டு அம்மா கையெழுத்து. முப்பது வருஷமா. அதுக்குப் பேரு நான் வெச்சது "அப்பப்ப போவாங்க."

அக்கா பி.இ., ஈ.சி.ஈ. என்னை விட மார்க் அதிகம். நாலு வருஷம் சென்னையில வேலை பார்த்தா. பிரசவத்துக்கு வந்தவ திரும்பிப் போகலை. ஆனா ராத்திரி பாப்பா தூங்குன பிறகு லேப்டாப்பைத் திறந்து வெச்சு வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இருந்தா. அது எனக்குத் தெரியும். என் லேப்டாப்தானே.

தெரிஞ்சும் ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் சொல்லணும்னு எண்ணமே இல்லை. வாயில வந்த வாக்கியம் அது. கேட்டா நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் சொல்லுவோம்.

81-ம் 92-ம்

இந்தக் கணக்கெடுப்புல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு செயல்பாட்டுக் குறியீடு போடுவாங்க. அமைச்சகம் அடிப்படைத் தரவை எல்லாரும் இறக்கிக்கிற மாதிரி வெளியிடுது. பிற்பாடு ஒரு வாரக் கடைசியில அதை இறக்கி, பைத்தான்ல பிரிச்சுப் பார்த்தப்போதான் இந்தக் குறியீடுகளை ஒழுங்கா வாசிச்சேன்.

சொந்தமாத் தொழில் பண்றவர் 11. குடும்பத் தொழில்ல சம்பளம் இல்லாம உதவி செய்றவர் 21. மாசச் சம்பளம், நிரந்தரக் கூலி 31. வேலை இல்லை, ஆனா தேடுறார் அல்லது கிடைச்சா செய்யத் தயார்னா 81. படிக்கிறவர் 91. வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவர் 92.

இதுல 81 வரைக்கும் தொழிலாளர் படைக்கு உள்ள. 91, 92 எல்லாம் வெளிய. ஒரு ஆள் 81-ஆ 92-ஆங்கிறதுதான் அவர் பின்னத்துக்குள்ள வர்றாரா இல்லையான்னு முடிவு பண்ணுது.

என் கதையைச் சொல்றேன். 2018-ல டிகிரி முடிச்சு எட்டு மாசம் வேலை இல்லாம வீட்டுல இருந்தேன். காலையில பத்து மணிக்கு எழுந்திருப்பேன். பாதி நாள் கிரிக்கெட். வாரத்துக்கு ஒரு அப்ளிகேஷன் போட்டிருந்தாலே அதிகம். ஆனா யார் கேட்டாலும் எங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க? "பையன் வேலை தேடிட்டு இருக்கான்." நான் சந்தேகமே இல்லாம 81. அக்கா ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து அப்ளை பண்றா. அவளைப் பத்தி "வீட்டுல இருக்கா." 92. ஒரே வீடு, ஒரே டிகிரி, ஒரே நிலைமை. குறியீடு மட்டும் வேற.

இது மாதிரிக் கணக்கெடுப்பு. 2024 வரைக்கும் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் வீடுகள், நாலு லட்சத்துக்கு மேல ஆட்கள். நாட்டுல சுமார் முப்பது கோடி வீடு இருக்கும்னு வெச்சா, தேர்வான ஒவ்வொரு வீடும் சராசரியா மூவாயிரம் வீடுகளுக்குப் பதிலா நின்னுச்சு. தரவுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெருக்கல் எண் இருக்கும். நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ரெண்டு வாக்கியமும் அந்தப் பெருக்கல் எண்ணோடதான் கணக்குல சேர்ந்திருக்கும்.

ரெண்டாவது வருகை

2024 வரைக்கும் நகரப் பகுதி வீடுகளுக்கு இவங்க ஒரு தடவையோட நிறுத்தலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை வந்தாங்க. அடுத்தடுத்த வருகையில கேட்டது கடந்த ஏழு நாளைப் பத்தி மட்டும். அந்த ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சிருந்தா வேலையில இருக்கிறவர்னு கணக்கு.

ஏப்ரல் கடைசியில அதே அக்கா வந்தாங்க. அன்னைக்கு நான் கால்ல இருந்தேன். அம்மாவும் அக்காவும் அவங்களே பதில் சொன்னாங்க.

"போன வாரம் கடையில உக்காந்தீங்களாம்மா?"

"போன வாரம் என்ன, தினம்தான் உக்காருறேன்."

அம்மாவுக்கு 21. அக்கா, வேலை தேடுறேன், கிடைச்சா உடனே போவேன்னா. 81.

இப்போ எங்க வீட்டுக்கு மட்டும் ஒரு வேலையின்மை விகிதம் போடுங்க. ஆண்கள் பக்கம் மாற்றமே இல்லை. ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் வேலை, பூஜ்யம் சதவீதம். பெண்கள் பக்கம், ஜனவரியில தொழிலாளர் படையில யாருமே இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுக்கணும். என் கம்ப்யூட்டர்ல போட்டா எண்ணே வராது, பிழைதான் வரும். ஏப்ரல்ல படையில ரெண்டு பேர், அதுல ஒருத்தருக்கு வேலை இல்லை. 50 சதவீதம்.

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவுல எங்க வீட்டுல என்ன மாறுச்சு? ஒண்ணும் மாறலை. அம்மா அதே பொட்டலம், அக்கா அதே லேப்டாப். பதில் சொன்ன ஆள் மாறினார், அவ்வளவுதான். அந்த 50 சதவீதம் கெட்ட செய்தி மாதிரி இருக்கு. ஆனா எங்க வீட்டைப் பத்தி அந்தக் கணக்கெடுப்பு வாங்கின முதல் உண்மையான எண் அது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு நாட்டோட நீண்ட காலக் கோட்டைப் பார்க்கலாம்.

இருபது வருஷக் கோடு

1972-73-ல இருந்து தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு சுமார் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு எடுத்துட்டு வந்துச்சு. கடைசியா எடுத்தது 2011-12. அதுல வேலையின்மை ஆண், பெண் ரெண்டு பேருக்குமே 2 சதவீதத்தை ஒட்டித்தான். முந்தின தசாப்தங்கள்லயும் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. 2017-ல பி.எல்.எஃப்.எஸ் வந்துச்சு. அதோட முதல் அறிக்கை 6.1 சதவீதம்னு சொன்னது. 45 வருஷத்துல இல்லாத உயரம்னு 2019 ஜனவரியில பத்திரிகையில கசிஞ்சு வந்தப்போ பெரிய அமளி. அறிக்கையை வெளியிடாம வெச்சிருக்காங்கன்னு தேசியப் புள்ளியியல் ஆணையத்துல இருந்து பி.சி.மோகனன், ஜே.வி.மீனாட்சி ரெண்டு பேரும் விலகினாங்க. தேர்தல் முடிஞ்சு மே 31-ம் தேதிதான் அறிக்கை வெளிய வந்துச்சு. மாதிரி எடுக்கிற முறை மாறினதால பழைய எண்ணோட நேரா ஒப்பிடக் கூடாதுன்னு அரசு சொன்னது. அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு.

அதுக்கப்புறம் ஒரே முறையில எடுத்த எண்கள், 15 வயசுக்கு மேல:

2017-18: ஆண் 6.1, பெண் 5.6
2018-19: ஆண் 6.0, பெண் 5.1
2019-20: ஆண் 5.0, பெண் 4.2
2020-21: ஆண் 4.5, பெண் 3.5
2021-22: ஆண் 4.4, பெண் 3.3
2022-23: ஆண் 3.3, பெண் 2.9
2023-24: ஆண் 3.2, பெண் 3.2

இதை மட்டும் பார்த்தா, பெண்களோட கடைசி வருஷ எண்ணைத் தவிர, வருஷா வருஷம் நிலைமை நல்லாயிட்டே வந்திருக்கு. கவனிச்சீங்களா, நடுவுல கொரோனா வந்துச்சு. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நகரங்கள்ல, ஏழு நாள் கணக்குப்படி, வேலையின்மை சுமார் 21 சதவீதம். ஆனா வருஷக் கணக்குல கோடு இறங்கிட்டே போகுது. எப்படி?

இப்போ பகுதியைப் பார்ப்போம். தொழிலாளர் படையில பெண்கள் எத்தனை சதவீதம்? 2004-05-ல 42.7. 2011-12-ல 31.2. 2017-18-ல 23.3. அதாவது பதிமூணு வருஷத்துல கிட்டத்தட்ட பாதி ஆயிடுச்சு. அப்புறம் திரும்பி ஏறுது. 2019-20-ல 30.0, 2022-23-ல 37.0, 2023-24-ல 41.7. கிணத்துக்குள்ள வாளி இறங்கி ஏறுன மாதிரி ஒரு கோடு. ஆண்கள் கோடு இந்தக் கடைசி ஆறு வருஷத்துல 75.8-ல இருந்து 78.8. லேசான அசைவு.

வேலையின்மை கோட்டை மட்டும் பார்த்திருந்தா இந்தக் கிணறே நம்ம கண்ணுல பட்டிருக்காது. 2004-ல இருந்து 2011 வரைக்கும் அவ்வளவு பெண்கள் வெளிய போனாங்க. வேலையின்மை விகிதம் அசையலை. 81-க்கு வராம நேரா 91-க்கும் 92-க்கும் போயிட்டாங்க.

ஏன் இறங்குச்சு, ஏன் ஏறுச்சு?

இறங்குனதுக்குச் சொல்ற காரணங்கள்ல நல்லதும் இருக்கு. நிறைய பெண் பிள்ளைங்க பள்ளிக்கூடம், கல்லூரின்னு படிக்கப் போனாங்க. அவங்க 91. விவசாயத்துல எந்திரம் வந்துச்சு. நடவு, அறுவடைன்னு பெண்கள் செஞ்ச கூலி வேலை குறைஞ்சது. குடும்ப வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் காட்டு வேலைக்குப் போக வேண்டாம்னு நின்னவங்களும் உண்டு. ஒரு நாடு வளரும்போது பெண்கள் வேலைக்குப் போறது முதல்ல இறங்கி, பிறகு படிப்பும் ஆபீஸ் வேலையும் பெருகுனதும் ஏறும்னு கிளாடியா கோல்டின் எழுதியிருக்காங்க. 2023-ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவங்க.

அப்போ நம்ம கோடு ஏறுறது அந்த இரண்டாவது கட்டமா? ஆபீஸ் வேலையால ஏறுதா? அங்கதான் இடிக்குது. வேலை செய்ற பெண்கள்ல சுயதொழில் பண்றவங்க 2017-18-ல 51.9 சதவீதம். 2023-24-ல 67.4. அதுக்குள்ள, சம்பளமே இல்லாம குடும்பத் தொழில்ல உதவி செய்றவங்க மட்டும் 36.7 சதவீதம். குறியீடு 21, எங்க அம்மா. மாசச் சம்பளக்காரங்க 21 சதவீதத்துல இருந்து சுமார் 16-க்கு இறங்கிட்டாங்க. விவசாயத்துல இருக்கிற பெண்கள் 57-ல இருந்து 64 சதவீதம் ஆயிட்டாங்க. கிராமத்துப் பெண்கள் பங்கேற்பு 24.6-ல இருந்து 47.6. நகரத்துல 20.4-ல இருந்து 28.0 மட்டும்தான்.

கொரோனா வருஷத்து மர்மமும் இதுல அவிழுது. சம்பள வேலை போனா வீட்டுல ஆடு, மாடு, வயல், கடைன்னு ஒரு கை கொடுத்துக்கிட்டே இருப்போம்ல? அது வேலைதான், கணக்குல 11 அல்லது 21. அதனால வேலையின்மை ஏறாது. நம்ம நாட்டுல வேலை இல்லாதவங்களுக்குன்னு எல்லாருக்கும் அரசு உதவித்தொகை கிடையாது. சும்மா இருந்து நல்ல வேலைக்குக் காத்திருக்கிற வசதி கொஞ்சம் பேருக்குத்தான்.

இந்த ஏற்றத்துல எவ்வளவு புது வேலை, எவ்வளவு வருமானம் பத்தாம எல்லாரும் இறங்குனது, எவ்வளவு ஏற்கெனவே செஞ்சுட்டு இருந்ததை இப்போ நல்லாக் கேட்டுப் பதிஞ்சதுன்னு ஆய்வாளர்களுக்குள்ள வாதம் நடக்குது. எங்க வீடு மூணாவது ரகம். அம்மா ஏப்ரல் மாசம் புதுசா வேலைக்குச் சேரலை.

ஆண்கள் பக்கமும் இதே கேள்வி உண்டு. அவங்க 6.1-ல இருந்து 3.2-க்கு வந்ததை வேண்டாம்னு சொல்லலை. ஆனா மொத்தத் தொழிலாளர்கள்ல விவசாயத்துல இருக்கிறவங்க 2018-19-ல 42.5 சதவீதம், 2023-24-ல 46.1. வளர்ற நாட்டுல குறையணும், ஏறியிருக்கு. ஆணுக்கு 92-ங்கிற கதவு திறக்காது. அதனால கிடைச்ச வேலையில நுழையறான், இல்லைன்னா என்னை மாதிரி 81-ஆ நிக்கிறான்.

குறைஞ்ச எண் நல்ல எண்ணா?

2023-24-ல கேரளாவுல வேலையின்மை 7.2 சதவீதம். மத்தியப் பிரதேசத்துல 1.0. இந்த ரெண்டு எண்ணை மட்டும் வெச்சு, வேலைக்கு நல்ல ஊர் மத்தியப் பிரதேசம்னு மூட்டை கட்டுவீங்களா? கேரளாவுல 15-ல இருந்து 29 வயசுக்குள்ள வேலையின்மை 29.9 சதவீதம். அந்த வயசுப் பெண்கள்ல 47.1. படிச்ச பொண்ணு, இந்த வேலை வேண்டாம், அந்த வேலை வேணும்னு வாயைத் திறந்து கேக்கிற இடத்துல எண் ஏறும். அது பிரச்சினை இல்லைன்னு சொல்லலை. கேக்கிற அளவுக்கு வேலை இல்லைங்கிறது பெரிய பிரச்சினை. ஆனா கேக்காத இடத்துல எண் குறைவா இருக்கிறது தீர்வு கிடையாது.

கேக்காம இருக்கிறவங்களைப் பத்தியும் ஒரு கணக்கு இருக்கு. 2011-12-ல வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்கள்கிட்ட, வீட்டிலேயே செய்ற மாதிரி வேலை குடுத்தா செய்வீங்களான்னு கேட்டாங்க. கிராமத்துல மூணுல ஒருத்தர் செய்வேன்னாங்க. நகரத்துல கால்வாசிக்கு மேல. அதிகம் பேர் கேட்டது தையல். இவங்க யாரும் வேலை இல்லாதவங்க பட்டியல்ல இல்லை, எல்லாரும் வெளிய.

ஏன் வெளிய போய்ச் செய்ற வேலையைக் கேக்கலை? 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல பதில் இருக்கு. சமையல், துவைக்கிறது மாதிரி வீட்டு வேலைகள்ல பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 289 நிமிஷம். ஆண்கள் 88. அதுவும் அந்த வேலைகள்ல ஈடுபடுற ஆண்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டு. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேர ஷிஃப்ட் முடிச்சுட்டுத்தான் அவங்க வேலையைப் பத்தி யோசிக்க முடியும்.

தமிழ்நாட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இந்தியாவுல ஃபேக்டரியில வேலை பார்க்கிற பெண்கள்ல அஞ்சுல ரெண்டு பேர் இங்கதான். அது தானா நடக்கலை. கிட்டத்துல ஆலை, வாசலுக்கு வர்ற கம்பெனி பஸ், ஹாஸ்டல், 2021-ல இருந்து டவுன் பஸ்ல இலவசப் பயணம், இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் ஒரு பொண்ணு 92-ல இருந்து 31-க்குப் போறா. பாப்பாவை எங்க விடுறதுங்கிற கேள்விக்கு மட்டும் இங்கயும் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.

நாலாவது வருகை

எங்க வீட்டுக்கு வருவோம். ஜூலையில வந்தப்போ பதில் மாறலை. கடைசியா தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி வந்தாங்க. அக்காகிட்ட அதே கேள்வி. வேலை தேடுறீங்களாம்மா, கிடைச்சாப் போவீங்களா?

"இப்போதைக்கு இல்லைங்க."

அதுக்குள்ள அவ எத்தனையோ இடத்துக்கு அப்ளை பண்ணியிருந்தா. ஒரே ஒரு இன்டர்வியூ வந்துச்சு. நடுவுல ஏன் இவ்வளவு இடைவெளின்னு கேட்டாங்களாம். குழந்தைன்னு சொன்னா. பாப்பாவை யார் பார்த்துப்பான்னு அடுத்த கேள்வி. அப்புறம் மெயிலே வரலை. அடுத்து பாப்பாவுக்கு ஸ்கூல் சேர்க்கை. லேப்டாப்பைத் திறக்கிறதை நிறுத்திட்டா.

அந்த அக்கா டேப்லெட்ல தட்டினாங்க. 92.

கணக்குப் போடுங்க. தொழிலாளர் படையில அம்மா மட்டும். அவங்களுக்கு வேலை இருக்கு, சம்பளம் இல்லாட்டியும். வேலை இல்லாதவங்க யாருமில்லை. எங்க வீட்டுப் பெண்கள் வேலையின்மை விகிதம் 50-ல இருந்து பூஜ்யத்துக்கு வந்துடுச்சு. ஒருத்தருக்கும் வேலை கிடைக்காமலேயே.

அன்னைக்குச் சாயங்காலம் அவகிட்ட கேட்டேன், ஏன் இல்லைன்னு சொன்னேன்னு. "ஆமான்னு சொன்னா திரும்பத் தேடணும்ல" அப்படின்னா. எனக்கு அதுக்குப் பதில் தெரியலை. முதல் தடவை அவளுக்காக நான் சொன்ன பதிலைத்தான் நாலாவது தடவை அவளே சொன்னா.

அடுத்த தடவை எண் வந்தா

2025-ல இருந்து பி.எல்.எஃப்.எஸ் மாசா மாசம் எண் வெளியிடுது. மாதிரி வீடுகளும் அதிகமாயிருக்கு. முதல் மாசமான ஏப்ரலுக்கு ஆண்கள் 5.2, பெண்கள் 5.0. வருஷ அறிக்கையில 3.2, இதுல 5-ஆன்னு பதற வேண்டாம். வருஷ எண் 365 நாள் கணக்கு, மாச எண் ஏழு நாள் கணக்கு. ரெண்டையும் ஒரே கோட்டுல போடாதீங்க. போட்டு வர்ற ஃபார்வர்டு மெசேஜை நம்பாதீங்க.

எண் வந்ததும் மூணு கேள்வி கேளுங்க. தொழிலாளர் படையில எத்தனை பேர் இருக்காங்க, கூடியிருக்கா குறைஞ்சிருக்கா? வேலையில இருக்கிறவங்க என்ன வேலையில இருக்காங்க, சம்பளத்துக்கா, 21-லயா? நகரம், கிராமம், வயசு பிரிச்சா அதே கதைதானா? இந்த மூணையும் பார்த்துட்டு அப்புறம் சந்தோஷப்படலாம், இல்லை சண்டை போடலாம்.

நாலாவதா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு வாசலுக்கு ஒருத்தர் டேப்லெட்டோட வந்தா, எல்லாருக்கும் நீங்களே பதில் சொல்லிடாதீங்க. உள்ள கூப்பிடுங்க. அம்மா பதிலை அம்மா சொல்லட்டும்.

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரிப்ட்டை அக்காகிட்ட வாசிச்சுக் காட்டினேன். சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லு, ஆனா என் மார்க் அதிகம்ங்கிறதை விட்டுடாதேன்னா. விடலை. பாப்பா இப்போ ஸ்கூல் போறா. காலையில ஒன்பதுல இருந்து மூணு வரைக்கும் வீடு அமைதியா இருக்கு. போன வாரம் என் பழைய லேப்டாப் சார்ஜர் எங்க இருக்குன்னு கேட்டா. எதுக்குன்னு நான் கேக்கலை. எடுத்துக் குடுத்தேன்.

உங்க வீட்டுல யாருக்கு என்ன குறியீடு விழும்னு உக்காந்து ஒரு தடவை எழுதிப் பாருங்க. எனக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.